சந்தனம் பூசிய சிடி

பெரியவளே, சின்னவனே,

போன ஞாயிறு நீங்கள் இருவரும் பீரோ மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு, "அத்தா, இந்த சிடி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடவா? இதைப் போட்டுப் பாக்க இப்ப மெஷினே கிடையாது" என்று கேட்டீர்கள். நான் கத்திவிட்டேன். உங்கள் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கோபம் உங்கள் மேல் இல்லை. அது நீங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த கோபம், இன்னும் ஆறவில்லை. பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் எழுதித் தருகிறேன். நான் பிளஸ் டூ வரைக்கும் போனவன், அதிலும் ஒரு பேப்பர் போச்சு. எழுத்து முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் படிக்கட்டை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். சானடோரியம், குரோம்பேட்டை, சேலையூர் என்று மொபெட்டில் சுற்றி, வைரஸ் எடுப்பது, ரேம் மாற்றுவது, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் உதிரும் முறுக்குத் தூளைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, இதுதான் வேலை. சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில், கைகால் சரியாக இயங்காதவர்களுக்கான பகல் நேர மையம் ஒன்று இருந்தது. அங்கே இருந்த பழைய கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு.

அங்கே வருபவர்களில் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பிறவியிலேயே கைகால் வசத்தில் இல்லை, வாயில் வார்த்தை வராது. ஆனால் தலைக்குள் எல்லாம் வெகு கூர்மை. அவளுடைய அம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து தாம்பரம் பக்கம் குடிவந்து, மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். விடிந்ததும் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்து மையத்தில் விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்.

அந்தப் பெண் பேசியது ஒரு புரோகிராம் வழியாக. மையத்தில் எல்லோரும் அதைக் 'கட்டம்' என்றுதான் சொல்வார்கள். திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு வரிசையாக மஞ்சள் வெளிச்சம் இறங்கி வரும். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் நாற்காலியோடு சேர்த்து ஒரு பெரிய பட்டன் கட்டியிருக்கும். வேண்டிய வரிசை வந்ததும் கன்னத்தால் ஒரு இடி. வெளிச்சம் அந்த வரிசையில் நின்று, கட்டம் கட்டமாக நகரும். இன்னொரு இடி. அந்தக் கட்டத்தில் இருக்கிற வார்த்தையை ஸ்பீக்கர் சொல்லும். கட்டத்தில் இல்லாத வார்த்தை என்றால் எழுத்து எழுத்தாகக் கோக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், ஆனால் அது அவளுடைய வாக்கியம்.

அதை எழுதியது யாரோ ஒரு இன்ஜினியரிங் மாணவர். கடைசி வருஷ புராஜெக்டாகச் செய்து, இங்கே கொண்டுவந்து லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் ஓடுகிற மெஷினில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் புரோகிராமின் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று தலைப்பிலேயே எழுதி வைத்திருந்தார். அதனால்தான் என்னால் அதைத் தொட முடிந்தது. புதுக் கட்டம் சேர்ப்பது எப்படி என்று தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அவள் கேட்கிற வார்த்தையை அவள் அம்மா மைக்கில் சொல்லுவார், நான் சேர்ப்பேன்.

என்ன வார்த்தைகள் கேட்டாள் என்று நினைக்கிறீர்கள்? 'தண்ணி', 'பாத்ரூம்' எல்லாம் முதல் வாரத்தோடு முடிந்தது. அப்புறம் வந்ததெல்லாம் 'சும்மா கெட', 'இன்னா மொறைக்கிற', 'பேஜார் பண்ணாத', 'மூஞ்சிய பாரு'. என்னைக் கூப்பிட 'பாய்' என்று தனியாக ஒரு கட்டம்.

"இன்னா பாய், இத்தையெல்லாமா அதுல ஏத்துவாங்க? நாலு பேர் வந்து போற எடம்" என்று அம்மா வெட்கப்படுவார். மைக்கைக் கொடுத்ததும் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவனைத் திட்டுகிற அதே குரலில் கணீரென்று சொல்லுவார். மகள் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஒரு நாள் நான் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தபோது, பின்னாலிருந்து ஸ்பீக்கர் சொன்னது: "பாய். மூஞ்சிய பாரு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சிறுசேரியில் இருந்த ஒரு பெரிய கம்பெனி மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் தருவதாகச் செய்தி வந்தது. மையத்தை நடத்திய மேடத்துக்குக் கால் தரையில் படவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்.

"மேடம், கட்டம் ஓடுற மெஷினை மட்டும் யாரும் தொட வேணாம். பழசுதான், ஆனா அது அங்கயே இருக்கட்டும்."

"நான் பாத்துக்கறேன் பாய். நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?"

எதற்கும் இருக்கட்டும் என்று கட்டத்தின் உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு சிடியில் எழுதி, மேலே மார்க்கரால் 'கட்டம் – தொடாதே' என்று எழுதி, மேடத்தின் அலமாரியில் மற்ற சிடிகளோடு வைத்தேன்.

அந்த வருஷம் ரம்ஜான் மாதத்திலேயே ஆயுத பூஜை வந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன். பூஜை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வருஷா வருஷம் அந்த மையத்து மெஷின்களைத் தூசி தட்டிப் பூஜைக்குத் தயார் செய்து கொடுத்ததே நான்தான். நோன்புக் காலத்தில் வந்தால், எனக்குப் பொரி கடலையைத் தனியாகப் பொட்டலம் கட்டி வைப்பார்கள், நோன்பு திறந்த பிறகு சாப்பிட. அந்த வருஷமும் லீவுக்கு முந்தின நாள் பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு, பள்ளிவாசலில் கஞ்சிக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். நான் போன பிறகு கம்பெனியிலிருந்து இளைஞர்கள் வேனில் வந்திருக்கிறார்கள்.

விஜயதசமி அன்று புது மெஷின்களைத் தொடங்கி வைக்கும் விழா. ஒயரிங் பார்க்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கேட்டில் உடைத்த பூசணிக்காயைத் தாண்டி உள்ளே போனேன். வரிசையாகப் புது மெஷின்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம், கம்பெனி ஸ்டிக்கர். கட்டம் ஓடிய மெஷின் இருந்த மேஜையிலும் புதுசு.

"பழசு எங்க மேடம்?"

"எல்லாத்தையும் கிளீன் பண்ணி எடுத்துட்டுப் போய்ட்டாங்க பாய். பழைய சாமானை டிஸ்போஸ் பண்றதும் அவங்களே பாத்துக்கறாங்களாம். எவ்ளோ நல்லது, சொல்லுங்க."

பக்கத்தில் டீஷர்ட் போட்ட தம்பி ஒருவர் நின்றார். பார்த்தால் நல்ல பிள்ளைதான். அவர் பெருமையாகவே சொன்னார்: "ஆயுத பூஜைல்ல அண்ணா, எல்லாம் சுத்தமா இருக்கணும்னு மேடம் சொன்னாங்க. அதான் எல்லா ஹார்ட் டிஸ்கையும் ஃபுல்லா ஃபார்மேட் பண்ணி, பொட்டு வெச்சு, பூஜை முடிச்சுதான் ஏத்தி அனுப்பினோம். ஒரு ஃபைல்கூட இல்ல. கிளீன்."

பாருங்கள் பிள்ளைகளே. பட்டறைக்காரர் பூஜைக்குச் சுத்தியலைத் துடைப்பார், சுத்தியலின் தலையைக் கழற்றி எறியமாட்டார். டிரைவர் பஸ்ஸைக் கழுவுவார், இன்ஜினை எடுத்துக் கடாச மாட்டார். இவர்கள் துடைத்ததில் ஒரு மனுஷியின் வாய் போய்விட்டது. அதற்குச் சந்தனமும் வைத்திருக்கிறார்கள்.

"அதுல ஒருத்தவங்க பேசிட்டிருந்தாங்க தம்பி" என்றேன்.

"அதான் புது சாஃப்ட்வேர் போட்டிருக்கோமே அண்ணா. அது ரொம்ப அவுட்டேட்டட். ஓசி சாஃப்ட்வேர், சப்போர்ட்டே கிடையாது. இது லைசென்ஸ்ட் வெர்ஷன்."

"எடுக்கும்போது அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

மேடம்தான் பதில் சொன்னார். "பாவம், ரொம்பக் கத்தினா பாய். புது ஆளுங்களப் பாத்து பயந்துட்டான்னு நினைச்சோம். பிஸ்கட் குடுத்தோம்."

பிஸ்கட்.

புது சாஃப்ட்வேரில் அழகான படங்கள் இருந்தன. 'எனக்குத் தாகமாக இருக்கிறது.' 'தயவுசெய்து உதவி செய்யுங்கள்.' 'காலை வணக்கம்.' 'நன்றி.' செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு வாக்கியங்கள்தான். புதிதாக ஒன்று சேர்க்கலாம் என்று தேடிப் பார்த்தேன். உள்ளே போக வழியே இல்லை, பூட்டியிருந்தது. எழுத்துக் கோக்கும் கட்டமும் இல்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, வாய் பேச முடியாதவர்களுக்கு இவ்வளவு பேசினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்.

விழா நடந்தது. கம்பெனியின் பெரிய அதிகாரி வந்தார், போட்டோகிராபர் வந்தார். அவளை முன்னால் நகர்த்தி, "சாருக்கு ஒரு நன்றி சொல்லும்மா" என்றார் மேடம். அவள் திரையைப் பார்த்தாள். வழக்கமான மஞ்சள் வெளிச்சத்துக்குப் பதிலாக இங்கே பச்சை. கம்பெனி கட்டியிருந்த புதுப் பட்டனைக் கன்னத்தால் இடித்தாள்.

"நன்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மறுபடி இடித்தாள். "நன்றி." மறுபடியும். "நன்றி. நன்றி. நன்றி." கன்னம் சிவந்துபோயிற்று, கண் அந்த அதிகாரியை விட்டு நகரவில்லை. கைதட்டல் கூடிக்கொண்டே போனது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோகிராபர் மண்டியிட்டுப் படம் எடுத்தார்.

மார்க்கெட்டிலிருந்து பாதி வியாபாரத்தில் வந்திருந்த அவளுடைய அம்மா, என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாய், அது திட்டுது பாய். அசிங்க அசிங்கமா திட்டிகினு கீது. இதுங்களுக்குப் புரியல."

"எனக்குப் புரியுதும்மா."

"புரிஞ்சி இன்னா? அதோட பேச்ச எட்த்து குடு."

அந்த வார்த்தை எனக்குப் போதும்.

அலமாரியைத் திறந்தேன். சிடி இல்லை. அங்கிருந்த ஒரு சிடியும் இல்லை. மேடத்திடம் கேட்கக் கூட்டத்தைத் தாண்டி வாசலுக்குப் போனேன். தலையில் ஏதோ தட்டிற்று. நிமிர்ந்தேன். வாசல் முழுக்கத் தோரணம். மாவிலைக்குப் பக்கத்தில் மாவிலை போல, கம்ப்யூட்டர் பூஜை என்று, பழைய சிடிகளை எல்லாம் நடு ஓட்டையில் நூல் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பளபளக்கிற பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காற்றில் திரும்பித் திரும்பி மினுக்கின. ஒன்று திரும்பியபோது என் கையெழுத்து தெரிந்தது: 'கட்டம் – தொடாதே.'

இழுத்த இழுப்பில் தோரணம் பாதி கையோடு வந்துவிட்டது. "பாய், என்ன பண்றீங்க, விசேஷ நாள்ல!" என்று மேடம் கத்தினார். கொல்லைக் குழாயடிக்குப் போய், காய்ந்த சந்தனத்தை ஊறவைத்து, விரல் நுனியால் தடவித் தடவிக் கழுவினேன். நகம் படக் கூடாது. கோபத்தில் கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது, ஆனால் பூப்போல் தடவ வேண்டும். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

கடையில் போட்டுப் பார்த்தேன், சிடி ஓடியது. கீறல் பட்ட இடத்தில் சில ஒலிகள் போயிருந்தன. புரோகிராம் முழுசாக இருந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. மையத்துக்கு வந்த ரகத்திலேயே கடையில் ஒரு மெஷின் இருந்தது, நான் பயன்படுத்திய பழைய லினக்ஸ் அதில் ஏறவில்லை. புது லினக்ஸ் ஏறியது, அதில் கட்டம் ஓடவில்லை. கட்டம் சத்தம் போடுகிற வழி பழைய வழி, புது சிஸ்டத்தில் அந்த வழியை அடைத்து வேறு வழி போட்டிருந்தார்கள். கன்னத்துப் பட்டனின் ஒயர் பழைய மெஷினில் பிரிண்டர் சொருகும் இடத்தில் சொருகியிருந்தது. புது மெஷினில் அந்த இடமே கிடையாது, கம்பெனி தந்த பட்டனோ அவர்கள் சாஃப்ட்வேருக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

எழுதிய மாணவரைத் தேடினேன். இமெயில் திரும்பி வந்தது. அவர் புரோகிராமை வைத்திருந்த இலவச இணையப் பக்கமும் மூடிக் கிடந்தது. அதாவது, உலகத்திலேயே மிச்சம் இருந்தது என் கையில் சந்தன வாசனையோடு இருந்த அந்த ஒரு பிரதிதான், எனக்குத் தெரிந்தவரை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் ஒரு குழுவுக்கு எழுதிக் கேட்டேன். இவ்வளவு பழையதை ஏன் கட்டி அழுகிறாய், புதிதாக எழுது என்று சிலர் எழுதினார்கள். படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு பதில் எப்படித்தான் வாயில் ரெடியாக இருக்கிறதோ! புதிதாக எழுதும் வரை அவள் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? எங்கோ ஒரு தேசத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் மட்டும், கேள்விக்குப் பதில் சொன்னார். புரோகிராமைக் கூப்பிடும்போது அதன் முன்னால் ஒரு சிறு கட்டளையைச் சேர்த்தால், பழைய வழி இன்னும் இருக்கிறது என்று அதை நம்ப வைத்து, சத்தத்தைப் புது வழியில் திருப்பிவிடுமாம். செய்தேன். கடையில், மத்தியானம், ஸ்பீக்கர் திடீரென்று கத்தியது: "இன்னா மொறைக்கிற!"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். "யாருய்யா அது?"

விஷயத்தைச் சொன்னேன். "எவனோ எழுதி அனாதையா விட்டுட்டுப் போன பொறம்போக்கு சாஃப்ட்வேருய்யா. அதுக்கு ஏன் நோன்பும் அதுவுமா இப்படி மல்லுக்கட்டுற?"

புறம்போக்குதான். சிட்லபாக்கம் ஏரியும் புறம்போக்குதான். யார் பேரிலும் பட்டா இல்லாததால்தான் எல்லோரும் அதன் கரையில் நடக்க முடிகிறது. யார் பேரிலும் இல்லை என்பதால்தான் குப்பை கொட்டவும் எல்லோருக்கும் கை வருகிறது. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய பழைய பட்டனுக்கு, ஒரு பழைய மவுஸைப் பிரித்து, அதன் இடது பக்கக் கிளிக்கில் ஒயரைப் பற்றவைத்தேன். பிரிண்டர் வழியைப் பார்த்துக்கொண்டிருந்த வரிகளைப் புரோகிராமுக்குள் தேடி, மவுஸைப் பார்க்கும்படி மாற்றினேன். சில வரிகள்தான். ஆனால் அவை திறந்து இருந்த வரிகள். பூட்டியிருந்தால் நான் எந்தக் கடப்பாரையோடு போயிருக்க முடியும்?

புதிதாக எழுதிய சிடியையும் பட்டனையும் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனால், மேடம் வழியை மறித்தார்.

"வேணாம் பாய். கம்பெனிகாரங்க தப்பா எடுத்துப்பாங்க. வாரன்ட்டி போயிடும். அடுத்த வருஷம் வேன் தரேன்னு சொல்லியிருக்காங்க."

"அவங்க பேசணும் மேடம்."

"அதான் பேசறாளே! ஃபங்ஷன்ல எல்லாரும் அழுதுட்டாங்க."

இந்த மனிதர்களிடம் எதைச் சொல்லி எதைப் புரியவைப்பது? அதற்குள் மார்க்கெட் முடிந்து வந்த அம்மா, மீன் கூடையை ஆபீஸ் ரூம் வாசலில் டொக்கென்று இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மேடம், நீ நல்லவதான், நான் இல்லன்ல. பாய் அத்த மாட்டட்டும். அத்த மாட்டற வரிக்கும் நான் இங்கயேதான் குந்திகினு கீறேன். வூட்டுக்குப் போவல. வெயில் ஏறுது. கூடைல கெடக்கறது கவலை மீன். எவ்ளோ நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது."

மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டார். கையை அசைத்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

மஞ்சள் வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கத் தொடங்கியதும் அவள் உடம்பு முழுக்க ஒரு உதறல். பட்டனைக் கன்னத்தருகே கட்டினேன். சிடியில் இருந்த பழைய வார்த்தைகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு சேர்த்ததெல்லாம் போயிருந்தது, அதை அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். எழுத்துக் கட்டத்துக்குப் போனாள். நாங்கள் எல்லோரும், மேடம் உட்பட, நின்று காத்திருந்தோம். ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

'நன்றி எடு.'

கட்டத்திலும் ஆதியிலிருந்து ஒரு 'நன்றி' இருந்தது, அவள் அம்மா குரலில். அதை எடுக்கச் சொல்கிறாள். நான் மேடத்தைப் பார்க்கவில்லை. எடுத்தேன். அந்த இடத்தில் என்ன போட என்று கேட்டேன். மறுபடி எழுத்து எழுத்தாக, இந்த முறை இன்னும் மெதுவாக:

'கேட்டு செய்.'

அவளுடைய அம்மா மைக்கை வாங்கிக்கொண்டார். இந்த முறை வெட்கப்படவில்லை. "கேட்டுச் செய்!" என்று சொன்ன சத்தத்தில் பக்கத்து அறையில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டது. அவள் உடனே அதை இடித்தாள். மேடத்தைப் பார்த்து ஒருமுறை. அப்புறம் என்னைப் பார்த்து, "பாய். பேஜார் பண்ணாத." அம்மாதான் சிரித்தார். மேடம் போய் ஜன்னலைத் திறந்தார், மீன் நாற்றத்துக்கோ வேறு எதற்கோ.

பெட்டியில் இருக்கிற சிடிகள் அவைதான். அதன்பிறகு புது சிஸ்டம் வந்தபோதெல்லாம் கட்டத்தை அதில் ஓடும்படி தட்டிக்கொட்டிச் சரிசெய்து, ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். இணையத்திலும் போட்டு வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்டால் தூக்கிப் போடலாம், கேட்காமல் கூடாது. நீங்கள் கேட்டீர்கள். அதற்கு நான் கத்தியிருக்கக் கூடாதுதான்.

கட்டம் மறுபடி பேசிய அன்றைக்குச் சாயங்காலம், மையத்தில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. மெஷினை அணைக்கப் போனவன், மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பட்டனை மேஜை விளிம்பில் வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, கன்னத்தால் இடித்துப் பார்த்தேன். முதல் தடவை வரிசை தப்பிவிட்டது. அது மறுபடி மேலே போய், ஒவ்வொன்றாக இறங்கி வரும்வரை காத்திருந்தேன். அடுத்த தடவை கட்டம் தப்பியது. மறுபடி காத்திருந்தேன். கடைசியில் அந்த ஆளில்லாத அறையில், கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய புது மெஷின்களைப் பார்த்து, மீன்காரம்மா குரலில் சொன்னேன்:

"கேட்டுச் செய்!"